அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்: உதவி எந்த வாசல் வழியாக வரும்?

முதியோர் நலம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

‘எங்களோடு வந்துவிடுங்கள்’ என்று கூப்பிட்டாலும் சொந்த வீட்டை விட்டு வர மறுக்கும் பெற்றோரைப் பற்றித்தான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை. அவர்கள் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் வீடுவரை வரும் அரசு உதவிகள் ஓரளவு நிறையவே உள்ளன. ஆனால் மாத்திரை சுகாதாரத் துறையில், உதவித்தொகை வருவாய்த் துறையில், அரிசி ரேஷன் கடையில், உயிர்வாழ் சான்று அஞ்சலகத்தில், பராமரிப்பு வழக்கு கோட்டாட்சியரிடம் என்று ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஓரிடத்தில் பதிந்தது அடுத்த இடத்துக்குத் தெரியாது. பட்டியலில் பெயர் ஏறினால்தான் வீட்டுக்கு ஆள் வருவார். அந்தப் பெயரை ஏற்றும் வேலையைப் பெரியவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு 74 வயது. புதுக்கோட்டை பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் டவுனில் தனியார் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்குகிறோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்கா பக்கத்து வீட்டுக்கு வருகிறார், அம்மாவிடம் வருவதில்லை. யாரிடம் கேட்க வேண்டும்?
(வாசகி, கோயம்புத்தூர்)

உங்கள் அம்மா அரசுப் பதிவேட்டில் நோயாளியாகவே இல்லை, அதனால்தான் வருவதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் தானாக மாத்திரை எழுதிக் கொடுக்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் நோயை உறுதிசெய்து மருந்து எழுதிய பிறகுதான் அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். 45 வயதைத் தாண்டியவர்களும் நடமாட முடியாதவர்களும் வீட்டு விநியோகத்துக்கு உரியவர்கள்.

ஒருமுறை மட்டும் அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ஆதார் அட்டை, தனியார் டாக்டரின் கடைசிச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், சமீபத்திய ரத்தப் பரிசோதனைத் தாள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிந்தவுடன், உங்கள் தெருவுக்கு எந்தத் தன்னார்வலர், அவருடைய கைப்பேசி எண் என்ன, அடுத்து எப்போது வருவார் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அம்மாவால் போகவே முடியாது என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். 104ஐ அழைத்தும் கேட்கலாம்.

இதில் ஆபத்தான ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தனியார் சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். அரசு மாத்திரையில் ‘அம்லோடிபின்’ என்று மருந்தின் பெயர் இருக்கும். நிறமும் அளவும் வேறாக இருப்பதால் இரண்டும் வெவ்வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, விடியற்காலையில் எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழுவது இதனால்தான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டாலோ, போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழறல் தென்பட்டால், நினைவு தெளிவாக இருக்கும்வரை, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

அரசு மருந்துக்கு மாறும் அன்றே பழைய அட்டைகள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘இருக்கட்டும், வீணாகப் போகிறதே’ என்று அம்மா டப்பாவில் போட்டு வைப்பார். விடாதீர்கள்.

அப்பாவுக்கு 67 வயது. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தோம். ‘மகன் இருக்கிறார்’ என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அண்ணன் சென்னையில் இருக்கிறார், பத்து பைசா அனுப்புவதில்லை.
(வாசகி, விருத்தாசலம்)

இது எல்லா முதியோருக்குமான தொகை அல்ல. 60 வயது நிறைந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, ஆதரவில்லாதவர்களுக்கானது. தொகை 2023 ஆகஸ்டிலிருந்து 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 79 வயதுவரை 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். மீதி மாநில அரசுடையது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை, ரேஷனில் இலவச அரிசி ஆகியவையும் இதோடு சேர்ந்தவை. பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

மனு இ-சேவை மையம் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது. இடையில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருகிறார்கள். முடிவு பெரும்பாலும் அந்த அறிக்கையிலேயே தீர்ந்துவிடும். அவர்கள் முதலில் பார்ப்பது குடும்ப அட்டையை. அண்ணன் பெயர் இன்னும் அப்பாவின் அட்டையில் இருந்தால், ‘மகனுடன் வசிக்கிறார்’ என்று எழுதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. சென்னையில் தனிக் குடித்தனம் நடத்துகிற அண்ணன் பெயரை முதலில் நீக்குங்கள். நீக்கியதற்கான ஆவணத்தோடு, மகன் ஆதரிக்கவில்லை என்று அப்பா தன் கைப்பட எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் புதிதாக மனு செய்யுங்கள். விசாரணைக்கு வரும் நாளில் அப்பா வீட்டில் இருக்க வேண்டும். பழைய மனுவின் தள்ளுபடி ஆணை நகல் கையில் இருந்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஆணை நகல் இல்லாமல் கொடுக்கும் மனு சுற்றிச் சுற்றி அதே வட்டாட்சியர் மேசைக்கே வரும்.

அண்ணனுக்கு வருமானம் இருந்தும் கொடுக்கவில்லை என்றால் அது உதவித்தொகைக்கான விஷயமே அல்ல. பராமரிப்புச் சட்டத்துக்கான விஷயம். அதைப் பின்னால் இன்னொரு கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

தொகை வந்துகொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று நின்றுபோனால், முதலில் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். வேறு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி ஆதாரை அங்கே இணைத்திருப்பார்கள், அல்லது கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கும். அடுத்த காரணம், சரிபார்க்க வந்த நேரத்தில் பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தது. ‘ஊரில் இல்லை’ என்று ஒரு வரி எழுதப்பட்டால் தொகை நின்றுவிடும்.

குளியலறையில் அப்பா ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை எலும்பு முறியவில்லை. கைப்பிடி வைக்கச் சொல்கிறார்கள். எங்கே, எவ்வளவு உயரத்தில், எது வாங்குவது? இதற்கு அரசு உதவி உண்டா?
(வாசகர், திண்டுக்கல்)

கைப்பிடி பொருத்தித் தர நம்மிடம் திட்டம் இல்லை. ஆனால் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, பல்செட், கண்ணாடி ஆகியவை 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். வயது 60க்கு மேல் இருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம் நடத்தி அளவெடுத்துத்தான் கொடுப்பார்கள். முகாம் எப்போது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

குளியலறை வேலையை நீங்களே செய்துகொள்ளலாம், பெரிய செலவில்லை.

துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க் கைப்பிடி வாங்குங்கள். குழாயின் விட்டம் 32 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வயதானவர் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே 4 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் விட்டால் கை தவறி உள்ளே போய் முன்கை சிக்கிக்கொள்ளும். உயரத்தை அப்பாவை நிற்க வைத்து அளவெடுங்கள்: கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடம், பிடித்தால் முழங்கை சற்றே மடங்க வேண்டும். பலருக்கு இது தரையிலிருந்து 75 முதல் 85 சென்டிமீட்டருக்குள் வரும். ஒன்று கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் படுக்கைவாட்டில், இன்னொன்று குளிக்கும் இடத்துக்கு நுழையும் ஓரத்தில் செங்குத்தாக. இரண்டு போதும்.

கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்தவர்கள் உண்டு. காரணம், திருகாணி டைல்ஸிலும் பூச்சிலும் மட்டும் பிடித்திருப்பது. செங்கல்வரை இறங்குமாறு துளையிட்டு, ஒவ்வொரு முனையிலும் மூன்று திருகாணி போடச் சொல்லுங்கள். உள்ளீடற்ற கல் வைத்துக் கட்டிய சுவராக இருந்தால், சுவரைக் குடைந்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போட வேண்டும். மாட்டிய பின் வீட்டிலேயே கனமான ஆள் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கட்டும். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடி வேண்டவே வேண்டாம். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாகப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அந்தக் கம்பியையே கழற்றிவிடுங்கள்.

இந்திய முறைக் கழிப்பிடமாக இருந்தால் உடைத்துக் கட்ட அவசரப்படாதீர்கள். நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் வைத்தால் போதும். உட்காரும் உயரம் 45 முதல் 50 சென்டிமீட்டர் இருக்கட்டும். கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா பாருங்கள். பக்கெட்டைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிய வேண்டும். ஒரு முக்காலி மேல் வையுங்கள். கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெயை வெளியே தேய்த்து, உள்ளங்காலைத் துடைத்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். சனிக்கிழமைக் குளியலை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

கதவு மிக முக்கியம், ஆனால் யாரும் யோசிப்பதில்லை. உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடக்கும்போது வெளியே இருப்பவர் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள் தாழ்ப்பாளுக்குப் பதிலாக, நாணயம் நுழைத்து வெளியிலிருந்தும் திருப்பக்கூடிய பூட்டு போடுங்கள்.

விழுந்ததற்குத் தரை மட்டும் காரணமா என்றும் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் ஆகியவை எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவை. படுத்த நிலையில் ஒருமுறையும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் அந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். அடியில் உள்ள ரப்பர் வழவழவென்று தேய்ந்துவிட்டால் அந்தத் தடியே வழுக்கிவிடும். ரப்பரை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

தாத்தாவால் ரேஷன் கடைக்கு நடக்க முடியவில்லை. வீட்டுக்கே தருவார்களாமே?
(வாசகர், அரியலூர்)

2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம் அதற்கானது. தொடங்கியபோது வைத்த வரம்பு 70 வயது. மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு நாட்களில் எடைத் தராசும் விற்பனைக் கருவியும் வண்டியில் வரும் என்று அறிவிக்கப்பட்டது. தேதியும் வயது வரம்பும் உங்கள் கடையில் இப்போது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் வாலிப வயதினர் பெயர் இருந்தால் பட்டியலில் வராது.

பட்டியலில் வராதவர்களுக்கு அங்கீகாரப் படிவம் உண்டு. கடையிலேயே வாங்கி நிரப்பி, நம்பிக்கையான ஒருவரை நியமித்தால் தாத்தாவுக்குப் பதில் அவர் வாங்கலாம். மறுத்தால் 1967 அல்லது 1800 425 5901.

அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார், வயது 81. கைரேகை விழுவதில்லை. ஒவ்வொரு வருடமும் ஆட்டோ வைத்து அலுவலகத்துக்குத் தூக்கிப் போகிறோம்.
(வாசகி, திருநெல்வேலி)

இனி தூக்கிப் போக வேண்டாம். ஆனால் எந்த ஓய்வூதியம் என்பதைப் பொறுத்து உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் மாறும், அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம்; 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு ஓய்வுபெற்ற மாதத்தில் நேர்காணல். குடும்ப ஓய்வூதியர்கள் தங்களுக்குரிய மாதத்தைக் கருவூலத்தில் உறுதிசெய்துகொள்ளலாம். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் என்றால் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும்.

வயதானால் விரல் ரேகை தேய்வது இயல்பு. அதற்காகத்தான் முகம் காட்டும் முறை வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’, ‘ஜீவன் பிரமாண்’ என்ற இரண்டு செயலிகளும் வேண்டும். உங்கள் கைப்பேசியிலிருந்தே அம்மாவுக்குச் செய்யலாம். ஜன்னலைப் பார்த்தபடி அம்மாவை உட்கார வையுங்கள்; வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கண் சிமிட்டச் சொல்லுங்கள்.

முகம் பதியாததைவிட, படிவத்தில் தப்பாக நிரப்புவதால்தான் அதிகம் கெடுகிறது. ‘சேவை’, ‘குடும்பம்’ என்ற இரண்டில் குடும்பம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓய்வூதிய ஆணை எண் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். பலர் காலமான அப்பாவின் பழைய எண்ணைப் போடுகிறார்கள். ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தையும் வங்கியையும் மாற்றிப் போட்டால் சான்று வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் பிரமாண் எண் வந்ததும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அது அனுப்பப்பட்டதற்கான எண் மட்டுமே. வழங்கும் அலுவலகம் அதை ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யும். சில நாள் கழித்து நிலையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் கைவராது என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார். கட்டணம் 70 ரூபாய்.

வங்கிக்குப் போக முடியாத பெரியப்பா, ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் பால்காரரிடம் கொடுத்துப் பணம் எடுக்கிறார். பால்காரர் நல்லவர்தான். இருந்தாலும் பயமாக இருக்கிறது.
(வாசகர், நாமக்கல்)

பால்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அட்டை தொலைந்து வேறு யாராவது எடுத்தால்கூட, ரகசிய எண்ணை வெளியே சொன்னது பெரியப்பா என்று வங்கி கைவிரித்துவிடும். பழி பால்காரர் மேல் விழும்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பணம் எடுப்பது, போடுவது, காசோலை வாங்கிப் போவது, கே.ஒய்.சி. தாள்கள், உயிர்வாழ் சான்று எல்லாம் இதில் அடங்கும். கிளையில் ஒருமுறை பதிய வேண்டும். கணக்கில் கைப்பேசி எண் சரியாக இருக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு கட்டணமும் உச்சவரம்பும் உண்டு, தூர வரம்பும் வைத்திருக்கிறார்கள். பதியும்போதே மூன்றையும் கேளுங்கள். சிறு தொகைக்குத் தபால்காரர் கையிலுள்ள கருவியில் ஆதார் வழியாகவும் எடுக்கலாம், ஆனால் ரேகை விழ வேண்டும்.

கணக்கில் நம்பகமான ஒருவரைச் சேர்ப்பதானால் ‘இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று இயக்கும் முறையை எழுதுங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் முறை வைத்தால் பின்னால் பெரும் தொல்லை.

தனியாக இருப்பவர்களுக்கு வரும் ‘போலீஸ் பேசுகிறேன், உங்களை வீடியோவில் கைது செய்திருக்கிறோம்’ என்ற அழைப்பைப் பற்றியும் பெரியப்பாவிடம் சொல்லி வையுங்கள். வீடியோவில் கைது செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டைத் தம்பி பெயருக்கு அம்மா தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இப்போது தம்பி சோறு போடுவதில்லை, ‘வெளியே போ’ என்கிறான். பத்திரத்தில் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. திரும்ப வாங்க முடியுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

முடியும் வாய்ப்பு உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் அந்த விடுபட்ட வரிதான் சிக்கல்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு சொல்வது இது: அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரத்தை ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாகக் கருதிச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் சொன்னது. 2025 ஜனவரி 2 அன்று ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த வழக்கில் தானப் பத்திரத்துக்கு வெளியே மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழித் தாளையும் கணக்கில் எடுத்துப் பத்திரத்தை ரத்து செய்தது. ஆகவே பத்திரத்தில் வரி இல்லாததோடு கதை முடிந்துவிடுவதில்லை. ‘அன்பினாலும் என்னைக் கவனித்து வருவதாலும்’ என்ற வாசகம் பத்திரத்தில் இருக்கிறதா என்று மறுபடி வாசியுங்கள். தம்பி அனுப்பிய செய்திகள், பஞ்சாயத்தில் எழுதிய தாள், பத்திரம் எழுதிய நாளில் உடனிருந்த சாட்சிகள் என்று நிபந்தனையைக் காட்டக்கூடிய எதையும் திரட்டுங்கள்.

மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அம்மா கொடுக்க வேண்டும். இயலாவிட்டால் அவர் அதிகாரம் அளித்தவர் கொடுக்கலாம். சட்டத்தின் 17ஆம் பிரிவு வக்கீல் வைத்து வாதாட இடம் தரவில்லை. மாவட்ட சமூக நல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர், அம்மா விரும்பினால் அவர் சார்பில் நிற்பார். ஒரே மனுவில் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: பத்திரம் ரத்து, மாதப் பராமரிப்புத் தொகை, வீட்டில் தொடர்ந்து வசிக்கப் பாதுகாப்பு. பத்திர ரத்தை மட்டும் கேட்டு, அது கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பலர். பராமரிப்புத் தொகைக்குப் பத்திர நிபந்தனையே தேவையில்லை. சட்டத்தில் உள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எதிர்த்தரப்பு கையில் நோட்டீஸ் கொடுத்த 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். உத்தரவிட்டும் கொடுக்காவிட்டால் ஒரு மாதம்வரை சிறை. தீர்ப்பாயம் மறுத்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு.

பிள்ளைகள் இல்லாத மூத்தவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக அடையப்போகும் உறவினர் மீதும் மனு செய்யலாம்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயில் எழுதினால் போதும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் வேண்டும் என்றால், ஆயுள்வரை வசிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ‘அப்படியெல்லாம் எழுதினால் பையன் மனசு கஷ்டப்படும்’ என்பார்கள். கஷ்டப்படட்டும்.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் படுக்கை. சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆம்புலன்ஸ் வைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது.
(வாசகி, கள்ளக்குறிச்சி)

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை மட்டும் இல்லை. வட்டார அளவில் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியோடு இருக்கிறார்கள். மருத்துவமனை கொடுத்த வெளியேற்றச் சுருக்கத்தின் நகலோடு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள், வீட்டு வருகைப் பட்டியலில் சேர்ப்பார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் செய்யும் பயிற்சிதான் அதிகம் பலன் தரும் என்பதால் இயன்முறை மருத்துவரை முதலில் கேளுங்கள்.

வருகைக்கு இடைப்பட்ட நாட்களில் வேலை உங்களுடையது. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. புரட்டும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போய்த் தொற்று வரும். சில மணி நேரம் சிறுநீரே இறங்காமல் அடிவயிறு கனத்தாலோ, காய்ச்சல், ரத்தம் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

படுக்கைப் புண்ணுக்கு மருந்தைவிடப் புரட்டுவதே சிகிச்சை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுதாக ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் இடுப்பெலும்பில் அழுத்தம் விழாது. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்து, குதிகால் படுக்கையைத் தொடாமல் நிற்கச் செய்யுங்கள். காற்று மெத்தை நல்லது, ஆனால் மின்சாரம் போனால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. அதை வாங்கியதும் புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். டியூப் வடிவ வளையம் வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள், செவிலியரை அழையுங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கரண்டியாகக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம்.

14567 என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது எதற்கு?
(வாசகர், வேலூர்)

மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண், கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. எந்தத் திட்டத்துக்கு எங்கே போவது, தீர்ப்பாயத்தில் எப்படி மனு செய்வது என்று வழி சொல்வார்கள். துன்புறுத்தலோ கைவிடலோ என்றால் களப் பணியாளரை அனுப்பவும் செய்வார்கள். மனசு விட்டுப் பேச ஆளில்லை என்றாலும் அழைக்கலாம். இது ஆம்புலன்ஸ் எண் அல்ல. நெஞ்சுவலிக்கு 108, திருட்டு, அடிதடிக்கு 112. மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் உயரத்தில் ஒட்டுங்கள்.

பாட்டிக்கு 88 வயது. ஓட்டுப் போட வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம். வீட்டிலேயே போடலாமா?
(வாசகர், சிவகங்கை)

85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் வாக்கு போடலாம்; 2024க்கு முன் இந்த வரம்பு 80. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் 12டி படிவத்தைக் கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வரும்போதே வாங்கிக்கொள்வார். படிவம் கொடுத்து ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய்ப் போட முடியாது. பாட்டிக்கு விரலில் மை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதுதான் வேண்டும் என்றால், படிவத்தைக் கொடுக்காதீர்கள்.